கூலிக்கு ஆடிய குணவான்: லயனல் கொனாக்கர்

ஊதியம் பெற்று ஆடுவது இழிவென்று கனவான்களும், ஊதியமின்றி ஆடினால் வீட்டில் உலை கொதியாதென்று சுரங்கத் தொழிலாளரும் வாதாடிய வழக்கில், வட இங்கிலாந்தின் றக்பிக் கழகங்கள் 1895இல் ஹடர்ஸ்பீல்டில் கூடித் தனிச் சங்கம் கண்டன; அதிலிருந்தே றக்பி லீக் என்னும் ஆட்டம் பிறந்தது. ரொறன்ரோவிலும் அவ்வழக்கு எழுந்தது. ஆயின் இங்கே அதைத் தம் ஜீவியத்தினாலேயே நடத்திக் காட்டினார் லயனல் கொனாக்கர்.

1900இல் இந்நகரின் ஏழைக் குடும்பமொன்றில், பத்துப் பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்த அவர், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கூலிவேலைக்குப் போனார். தேகபலமே அவருடைய மூலதனம். 1921 டிசம்பர் 3ஆம் தேதி, கிரே கிண்ணத்துக்காகக் கிழக்கும் மேற்கும் முதன்முறையாக மோதிய றக்பி காற்பந்துப் போட்டியில், எட்மன்ரன் அணியை ரொறன்ரோ ஆர்கோனோட்ஸ் 23-0 என்று வீழ்த்தியபோது, அவற்றுள் 15 புள்ளிகளைத் தாமே ஈட்டிய கொனாக்கர், ஆட்டம் முடியுமுன்னே மைதானத்தை விட்டுப் புறப்பட்டார். அன்று மாலையே அவருக்கு ஹொக்கி ஆட்டமொன்று காத்திருந்தது. மறு ஆண்டில், பேஸ்போல் இறுதிப் போட்டியை வென்று கொடுத்த கையோடு வாடகைக் காரில் ஏறி லக்றோஸ் மைதானத்துக்கு விரைந்து, அங்கே பின்தங்கி நின்ற தம் அணியையும் வெல்லவைத்தார்.

இத்தனை பிரசித்தி பெற்றும், காற்பந்தில் ஒரு காசும் கிட்டவில்லை; அது அந்நாளில் ஊதியத்துக்கு இடங்கொடாத ஆட்டம். ஆகவே, பதினாறாம் வயதில்தான் பனிச்சறுக்கவே கற்றிருந்த அம்மனிதர், 1925இல் ஜீவனோபாயமாகத் தொழில்முறை ஹொக்கியை ஏற்று, 1934இல் சிக்காகோவுக்கும் 1935இல் மொன்றியால் மறூன்ஸுக்கும் ஆடி ஸ்ரான்லி கிண்ணம் வென்றார். இடையில் 1933இல், காற்பந்துக்கென ஒரு தொழில்முறை அணியையும் தாமே அமைத்துப் பார்த்தார்.

1937இல் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்று ஒன்ராறியோ சட்டமன்றத்துக்கும், 1949இல் கனடாப் பாராளுமன்றத்துக்கும் தெரிவானார். அரை நூற்றாண்டின் தலைசிறந்த கனடிய விளையாட்டு வீரர் என்ற கௌரவம் 1950இல் வந்தது. 1954 மே மாதத்தில், ஒட்டாவாவில் எம்.பி.க்களும் பத்திரிகையாளரும் ஆடிய சொப்ட்போல் போட்டியில், பந்தை ஓங்கி அடித்து மூன்றாம் தளம் வரை ஓடியவர், அங்கேயே சாய்ந்து உயிர்நீத்தார்.

ஊதியம் வாங்கியதால் கொனாக்கரின் ஆட்டம் மாசுபடவில்லை. ஊதியத்தை மறுத்த காற்பந்துதான் அவருடைய நல்ல வயதை இழந்தது.