நரம்பு

“சேலைன் ஏத்தி ஏத்தியே புள்ளைக்கு நரம்பு செத்துப்போச்சுங்க சேர்” என்றார் அந்த அம்மா. இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்து வாசல். மூன்று வாரம் சுவாச இயந்திரத்தோடு கிடந்து பிழைத்து வந்த ஆறு வயது மகன், தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கத் திணறுகிறான். டாக்டர் சொன்னது ‘நரம்பு, தசை பலவீனம்’. தப்பு அம்மாவுடையதல்ல, சொல்லுடையது. பழந்தமிழில் நரம்பு யாழின் தந்தி. நம் பேச்சில் ஊசி ஏறும் இரத்தக்குழாயும் நரம்புதான். மூளையின் செய்தி ஓடும் இழை என்ற பொருள் ஆங்கில வைத்தியத்தோடு வந்து குந்தியது. (லத்தீன் ‘நெர்வுஸ்’ஸும் முதலில் தசைநாண், வில்நாண்தான்.) கிருமி இரத்தத்தில் பரவி உடம்பே அழற்சியில் கொதிக்கும்போது இந்த இழைகளும் தசையும் நலிகின்றன. கனடாவில் போல்டன் குழுவினர் 1984இல் பெரியவர்களிடம் கண்டு விவரித்த நரம்புக்கேடு, பிள்ளைகளுக்கும் வருகிறது. தமிழில் என்ன சொல்ல? ‘நரம்புத் தளர்ச்சி’யை லேகிய விளம்பரக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள். ‘வாதம்’ என்றால் வீடே அழும். ‘கடுநோய் நலிவு’ என்பேன். ஆனாலும் தளர்ச்சியைக் கைவிட மனமில்லை. கண்ணனின் தளர்நடைக்குப் பெரியாழ்வார் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். அங்கே தளர்வது நடக்கப் பழகும் கால். பையன் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது காம்பரா வரை போகிறான்.