படுதாவிலிருந்து காலண்டருக்கு: கோவில்பட்டி வழியாகச் சுவரேறிய சாமிகள்

டிசம்பர் 31 இரவோடு தினசரிக் காலண்டரின் கடைசித் தாளும் கிழிந்துவிடும். அட்டையும் அதில் அச்சான சாமி படமும் மட்டும் ஆணியில் தொங்கும். ராகுகாலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம் எல்லாவற்றையும் நாளுக்கொன்றாகக் கிழித்துக் கசக்கி எறிந்த அதே கைக்கு, இந்த அட்டையைக் குப்பையில் போட மட்டும் மனம் வராது. சிலர் புதுக் காலண்டரை அதன்மேலேயே மாட்டிவிடுவார்கள். சிலர் பூஜை அலமாரியின் உட்புறத்தில் ஒட்டுவார்கள். படம் நன்றாக அமைந்துவிட்டால் பிரேம் கடைக்குப் போகும். சாயம் வெளுத்துப்போனது அரச மரத்தடியில் பிள்ளையார் பக்கத்தில் சாய்த்து வைக்கப்படும். தேதி தீர்ந்துவிட்டது, சாமி தீரவில்லை.

இப்படித் தூக்கி எறிய முடியாத முகத்தைக் காலண்டருக்குக் கொடுத்தது யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ரவிவர்மா என்று பதில் சொல்வது வழக்கம். 1894-இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சுக்கூடத்திலிருந்து வந்த லட்சுமியும் சரஸ்வதியும் இந்திய வீடுகளின் சுவர்களைப் பிடித்தார்கள் என்பது உண்மை. ஆனால் 1950-களிலிருந்து தமிழ்நாட்டுச் சுவர்களை ஆண்ட முருகனும் மீனாட்சியும் அந்த அச்சிலிருந்து நேராக இறங்கி வந்தவர்கள் அல்லர். இடையில் ஒரு நாடகக் கம்பெனி இருக்கிறது, ஒரு கரிசல் ஊர் இருக்கிறது, தீப்பெட்டி லேபிள் அடித்த அச்சகங்கள் இருக்கின்றன. அந்த இடைவழியைத்தான் நம் ஓவிய வரலாறு அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

ஊரிலிருந்து தொடங்கலாம். கோவில்பட்டிக்கு ஆறு கிடையாது. ஆண்டுக்குச் சராசரி 700 மில்லிமீட்டரை ஒட்டிய மழை. அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். குடிக்கத் தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாயில் வர வேண்டும். இருந்தது கரிசல் மண்ணும் பருத்தியும். 1876-இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை இவ்வழியாகப் போட்டதும் பருத்தி மூட்டை துறைமுகத்துக்குப் போக வழி கிடைத்தது. 1891-இல் நூற்பாலை வந்தது. 1901-இல் வேளாண் ஆராய்ச்சி நிலையம். மில்லில் வேலை பார்ப்பவனுக்கு மாதாமாதம் கையில் காசு வரும். ரயில் நிற்கும். இந்த இரண்டும் உள்ள ஊரில் நாடகக் கம்பெனிகள் கொட்டகை போடத் தயங்கியதில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் பையன்களைச் சேர்த்து நாடக சபை தொடங்கியதிலிருந்து சுமார் கால் நூற்றாண்டுக் காலம் தென் மாவட்டங்களில் பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகப் போயின. ஒரு கம்பெனியின் சொத்து என்று பார்த்தால் நடிகனும் பாட்டும் போக, பெரிய பங்கு படுதாக்கள்தாம். தர்பார் சீன், தெரு சீன், காட்டு சீன், தோட்ட சீன் என்று உருளையில் சுருட்டிய திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். காடாத் துணியில் வெள்ளை பூசி, பசை கலந்த பொடிவர்ணத்தில் எழுதியவை. கம்பெனியோடு சீன் பெயிண்டரும் அதே ரயிலில் போவார். ஓயாமல் சுருட்டி விரித்தால் வர்ணம் உதிரும். உதிர்ந்த இடத்தை அன்றன்றே பூசியாக வேண்டும். ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் நடிகர்களைப் பற்றியே எழுதினார்கள். படுதாவுக்குப் பின்னால் வர்ணச் சட்டியோடு நின்றவரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

அப்படி நின்றவர்களில் ஒருவர் சி. கொண்டைய ராஜு. 1898-இல் பிறந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். மேற்கத்திய முறையில் தூரக்காட்சி வரையவும் உடலை நிழலும் வெளிச்சமுமாகத் திரட்டிக் காட்டவும் அங்கே கற்றவர். படித்த கையோடு வேலைக்குப் போகாமல் திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சீன் பெயிண்டராகச் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கம்பெனி 1942-இல் கோவில்பட்டியில் கலைந்தது. 1931-இல் ‘காளிதாஸ்’ தொடங்கி வைத்த பேசும் படம் பதினோரு வருஷத்தில் கொட்டகைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. நடிகர்கள் ஊர் திரும்பினார்கள், சிலர் சினிமாவுக்குப் போனார்கள். ராஜு அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். 1976-இல் இறக்கும்வரை கோவில்பட்டிதான் அவர் ஊர்.

அவரைச் சுற்றி இளைஞர்கள் சேர்ந்தார்கள்: டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம் முதலியோர். ‘தேவி ஆர்ட் ஸ்டுடியோ’ உருவாயிற்று. கூடம், குரு, சீடன் என்று எழுதினால் ஏதோ குருகுலம் போலத் தோன்றும். உண்மையில் சின்ன ஊரின் போட்டோ ஸ்டுடியோ செய்யும் வேலைகளும் இவர்கள் கையில் இருந்தன. கல்யாண ஜோடியைப் படம் எடுப்பது, இறந்துபோன பெரியவரின் மங்கிய படத்தைப் பெரிதாக்கிக் கண்ணுக்கு மை தீட்டிக் கொடுப்பது, கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் பட்டுச் சேலைக்குக் கலர் போடுவது. இவற்றில் இரண்டாவது வேலையை நான் முக்கியமானதாக நினைக்கிறேன். செத்துப்போன தாத்தாவை உயிரோடு இருப்பவர்போல் பார்க்க வைக்கும் தொழில் அது. வாடிக்கையாளர் படத்தை வாங்கியதும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பார். காலண்டர் முருகனின் கண்ணும் அதே மேசையில் பழகிய கையால் எழுதப்பட்டது.

இனி, நாற்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் சிவகாசி. 1922-இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி உயர்ந்தது. மறு வருஷம் பி. ஐயநாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை குறைந்த, காற்று உலர்ந்த ஊர் மருந்துக் குச்சி காய்வதற்கு வசதியாக இருந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் கேட்டு வாங்க வேண்டுமானால், லேபிளில் யானையோ கிளியோ தாமரையோ பளிச்சென்று தெரிய வேண்டும். அதற்கு வண்ண அச்சு வேண்டும். லித்தோ கல்லும் இயந்திரமும் இப்படித்தான் சிவகாசிக்கு வந்தன. உள்ளங்கையில் பாதி அளவுள்ள லேபிளை லட்சக்கணக்கில் அடித்துப் பழகிய அச்சகங்களுக்குப் பெரிய தாளில் படம் அடிக்கும் துணிவு தானாக வந்தது. குறைந்தது நல்ல மூலப்படம் ஒன்றுதான்.

1950-களில் அந்தக் குறையைக் கோவில்பட்டி தீர்த்தது. ராஜுவும் சீடர்களும் எழுதிய படங்கள் சிவகாசி அச்சகங்களுக்குப் போயின. லித்தோக் காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். மூலப்படத்தைப் பார்த்துக் கல்லில் புள்ளி புள்ளியாக எழுதும் ஆள் வேறு. அவர் பெயர் எங்கும் இராது. நிறம் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழாவிட்டால் அம்மனின் உதட்டுச் சிவப்பு மோவாய்க்கு இறங்கிவிடும். இதைத் தெரிந்து வைத்திருந்ததால்தானோ என்னவோ, கோவில்பட்டிப் படங்களில் உருவத்தின் விளிம்பு எப்போதும் தெளிவாக இருக்கும்; முகத்தருகே நிறங்கள் ஒன்றோடொன்று கரைவதில்லை.

ஒரு படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். வள்ளி, தெய்வானையோடு முருகன். நடுவில் நிற்கிறான், முழு முகம் நம் பக்கம். இரண்டு பெண்களும் அவனைப் பார்க்க வேண்டியவர்கள். உடல் அவன் பக்கம் சாய்ந்திருந்தாலும் பார்வை நம்மிடம் வருகிறது. முகத்தில் நிழலே இல்லை. கீழிருந்தும் முன்னிருந்தும் விளக்கு அடித்ததுபோல் ஒரே சீரான வெளிச்சம். பின்னால் நீல மலை, மலையிலிருந்து அருவி, ஓடை, மான். மயில் முன்வரிசையில் பக்கவாட்டில் நிற்கிறது. மலைக்கும் மயிலுக்கும் நடுவே தரை என்று சொல்லத்தக்க ஆழம் அதிகம் இல்லை. உருவங்கள் ஒரு திரைக்கு முன்னால் வந்து நிற்கின்றன.

காட்டு சீன் என்று நாடகக்காரர்கள் சொன்னது இதைத்தான். மீனாட்சி கல்யாணமோ ராமர் பட்டாபிஷேகமோ என்றால் இருபுறமும் தூண்வரிசை உள்வாங்கிப் போகும். மேலே குஞ்சம் வைத்த திரை மடித்துக் கட்டியிருக்கும். அது தர்பார் சீன். அருவியே இல்லாத கரிசல் ஊரில் உட்கார்ந்து எழுதிய படங்களில் எங்கு பார்த்தாலும் அருவி கொட்டுவதற்கு, கம்பெனிப் பெட்டியிலிருந்து வந்த காட்சிப் பழக்கத்தைத் தவிர வேறு நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. நடிகர்கள் தங்களுக்குள் பேசும்போதும் சபையைப் பார்த்தே பேசுவார்கள். காலண்டர் சாமிகளின் பார்வைக்கும் அதே இலக்கணம்.

இதற்கு மறுப்பு உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். கருவறையில் சாமி நம்மை நேராகத்தான் பார்க்கிறது. தஞ்சாவூர்ப் படங்களிலும் அப்படியே. ரவிவர்மாவின் லட்சுமியும் நேர்முகம்தான். எனவே நேர்ப்பார்வையை முழுக்க நாடகத்தின் கணக்கில் எழுத முடியாது. கருவறைச் சிலையில் இல்லாதவை அந்த வெளிச்சமும் பின்திரையும், இப்போதுதான் மேடைக்கு வந்து நின்றதுபோன்ற நிலையும். தஞ்சாவூர்ப் படத்தின் சாமி இருந்த இடத்திலேயே இருக்கிறது. கோவில்பட்டிச் சாமி நமக்காக வந்திருக்கிறது.

கனடிய மானிடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் ராஜுவையும் சீடர்களையும் பற்றி ஆய்ந்து எழுதியவர். மதுரை வட்டாரத்து வேளார்களின் மண் உருவங்களை ஆராய வந்தவர், காலண்டர் படங்களிலும் கவனம் வைத்தார். களிமண் சாமி கரையும், புதிதாகச் செய்வார்கள். காலண்டர் சாமி கிழியும், புதிதாக அடிப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது என்பதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. கோவில்பட்டி என்றால் இன்று சட்டென்று சொல்வது 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாய், அப்புறம் ஹாக்கி. இலக்கியம் என்றால் பக்கத்து இடைசெவலின் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். கி.ரா.வுக்கு ஊரில் நினைவு மண்டபமும் எழுந்துவிட்டது. நாட்டின் பாதிச் சுவர்களில் தொங்கிய ஓவியரின் பெயர் அந்த வரிசையில் வருவதில்லை.

தொழிலின் பஞ்சாங்கம் வேறு. சிவகாசியில் ஆடிப் பெருக்கன்று பூஜை போட்டு அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். ஜவுளிக்கடைக்காரர், நகைக்கடைக்காரர், அரிசி மண்டிக்காரர் எல்லாரும் புரட்டிப் பார்த்து எண்ணைக் குறிப்பார்கள். கீழே கடைப் பெயர் அச்சாகி மார்கழியில் கட்டுக் கட்டாக வந்து சேரும். அந்த ஆல்பத்தில் வேளாங்கண்ணி மாதாவும் மெக்காவும் காந்தியும் நேருவும் உண்டு. பாய் கடைக்கு எதைக் காட்ட வேண்டும் என்று ஏஜெண்டுக்குத் தெரியும். வாங்குகிறவர் படத்தைப் பூஜைக்கு வாங்குவதில்லை, விளம்பரத்துக்கு வாங்குகிறார். அதை இலவசமாகப் பெறுகிற வீட்டில்தான் படம் பூஜைக்குரியதாகிறது. ஓவியருக்கு இரு தரப்பும் எஜமானர்கள். கடைப் பெயருக்கும் தேதிக் கட்டுக்கும் இடம் விட வேண்டும். அதே சமயம் தேதிக் கட்டு போனபின்னும் படம் குறைப்பட்டுத் தெரியக் கூடாது. சாமியை மேலே தூக்கி நிறுத்திக் காலடியில் தாமரைத் தடாகமோ படிக்கட்டோ வைத்துவிட்டால் இரண்டும் சரியாகிவிடும். பல படங்களில் காணும் அந்தத் தடாகத்துக்குப் பக்தியைவிட இந்தக் கணக்கே காரணமாக இருக்கலாம்.

ஆப்செட் வந்ததும் கல்லில் எழுதுகிறவர் போனார். கணினி வந்ததும் பழைய படங்களைப் பிரித்துக் கோக்கும் பழக்கம் வந்தது: ஒரு படத்து முருகன், வேறொரு படத்து மயில், யாரோ எடுத்த அருவிப் புகைப்படம். இப்போதைய காலண்டர்களில் முகம் மட்டும் பழையதாகவும் நகையெல்லாம் புதிதாகவும் இருப்பதைக் கவனித்திருக்கலாம். ராகுகாலம் பார்க்கக் கைப்பேசி போதும் என்றாகியும் தினசரிக் காலண்டர் நின்றுவிடவில்லை. கைப்பேசியை ஆணியில் மாட்டிக் கும்பிட முடியாதே.

ஆராய்ச்சிக்கு இன்று எஞ்சியிருக்கும் நல்ல ஆவணம் படத்தின் அடி மூலையில் இருக்கும் கையெழுத்து. கொண்டைய ராஜு தனியாகவும், சுப்பையாவோடு சேர்ந்தும் ஒப்பமிட்ட படங்கள் உண்டு. குருவும் சீடனும் ஒரே தாளில் எவ்வளவு பகிர்ந்துகொண்டார்கள் என்பதற்கு அந்த இரட்டைக் கையெழுத்தே சாட்சி. ஆனால் நூற்றுக்கணக்கில் வீடுகளில் தொங்கும் சட்டமிட்ட படங்களில் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. பிரேம் கடையில் படத்தை மேசையில் விரித்ததும் கடைக்காரர் முதலில் செய்வது, ஸ்கேலை வைத்து அடியில் ஒரு விரற்கடை அகலம் வெட்டி எடுப்பது. ஜவுளிக்கடைப் பெயரும் போன் நம்பரும் பூஜையறைக்கு எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டுத்தான் வெட்டுவார். வெட்டிய நறுக்கின் ஓரத்தில் கையெழுத்தும் இருக்கும். சாயங்காலம் கடையைப் பெருக்கும்போது மரத்தூளோடு சேர்ந்து அது போய்விடும்.