எக்ஸ்-பிரஸ் பேர்ல்: யாருமே இறக்கிக்கொள்ளாத ஒரு கன்டெய்னர்

2021 ஜூன் 2 அன்று கொழும்புக்கு அருகே கடலில் மூழ்க ஆரம்பித்தபோது எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலுக்கு நாலு மாதம்கூட முடியவில்லை. சீனாவின் சோஷானில் கட்டி, அந்த பிப்ரவரியில்தான் ஒப்படைத்திருந்தார்கள். சிங்கப்பூர் கொடி, 186 மீட்டர் நீளம், இருபதடி கணக்கில் 2,743 பெட்டிகள் ஏற்றலாம். பெரிதாகத் தெரிந்தாலும் கன்டெய்னர் உலகத்தில் இது சின்னக் கப்பல்தான். 20,000 பெட்டிக்கு மேல் சுமக்கும் ராட்சதக் கப்பல்கள் எக்ஸ்பிரஸ் ரயில் என்றால், இது சின்னத் துறைமுகங்களுக்கும் பெரிய துறைமுகங்களுக்கும் நடுவே ஓடும் டவுன் பஸ். ஃபீடர் கப்பல் என்பார்கள்.

பழைய கப்பல், துருப்பிடித்த குழாய், பராமரிப்பு இல்லை என்றெல்லாம் காரணம் சொல்ல இங்கே வழியே இல்லை. அதனால்தான் இந்தக் கதையைத் தோண்ட ஆரம்பித்தேன்.

கப்பலில் இருந்தவை 1,486 கன்டெய்னர்கள். அதில் 81 அபாயகரமான சரக்கு என்று பதிவானவை. துபாயின் ஜெபல் அலியில் ஏறிய ஒன்றில், மொத்தம் 25 டன் நைட்ரிக் அமிலத்தின் ஒரு பகுதி, கசிய ஆரம்பித்திருந்தது. நைட்ரிக் அமிலம் தானாக எரியாது. ஆனால் மரம், அட்டை, துணி போன்றவற்றின்மேல் பட்டால் அவற்றுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்து, சூடேற்றி, எரிய வைத்துவிடும். இன்னொன்றையும் யோசிச்சுப் பாருங்க. கன்டெய்னர் என்பது பூட்டி சீல் வைத்த பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது, எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று மாலுமிக்குத் தெரியாது. அனுப்பியவர் எழுதிக் கொடுத்த காகிதம்தான் அவருக்குக் கண். நடுக்கடலில் அதைத் திறந்து சரிசெய்யவும் முடியாது, துறைமுகத்தில் இறக்கினால்தான் உண்டு.

கசிவு முன்பே தெரிந்துவிட்டது. கத்தாரின் ஹமத் துறைமுகத்தில் அந்தப் பெட்டியை இறக்கக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அடுத்து குஜராத்தின் ஹசீரா, அங்கேயும் இல்லை. கசியும் அமிலத்தைக் கையாள உடனடி வசதியோ நிபுணர்களோ இல்லை என்பதுதான் இரண்டு இடத்திலும் சொல்லப்பட்ட காரணம் என்கிறது கப்பல் நிறுவனம்.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. ஒரு பக் டிக்கெட் வரும். "எங்க மாட்யூல் இல்ல" என்று ஒரு டீம் அடுத்த டீமுக்குத் தள்ளும், அது இன்னொன்றுக்குத் தள்ளும். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொருவர் பதிலும் நியாயமாகவே இருக்கும். துறைமுகங்களுக்கும் இது புதிதில்லை. 2012 ஜூலை 14 அன்று அட்லாண்டிக் நடுவே தீப்பிடித்த எம்எஸ்சி ஃபிளாமினியா கப்பலில் மூன்று மாலுமிகள் இறந்தார்கள். அந்தக் கப்பலை இழுத்துக்கொண்டு ஐரோப்பா பக்கம் வந்தவர்கள், உள்ளே விட நாடு கிடைக்காமல் வாரக்கணக்கில் கடலில் நின்றார்கள். ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் அது கட்டப்பட்டபோது செப்டம்பர் 9.

பேர்ல் மே 19 இரவு கொழும்புக்கு வெளியே நங்கூரம் போட்டது. மறுநாள் சரக்கு அறையிலிருந்து புகை. 25-ஆம் தேதி காலை பெரிய வெடிப்பு, 25 பேரும் வெளியேற்றப்பட்டார்கள், இருவருக்குக் காயம். தென்மேற்குப் பருவக்காற்று வேறு தீயை ஊதிவிட்டது. இந்தியக் கடலோரக் காவல்படையின் வைபவ், வஜ்ரா கப்பல்களும் போய்த் தண்ணீர் அடித்தன. தீ அடங்கிய கையோடு, ஜூன் 2-இல் ஆழ்கடலுக்கு இழுக்கப் பார்த்தார்கள். பின்பக்கம் 21 மீட்டர் ஆழத்தில் தரைதட்டி நின்றுவிட்டது.

எல்லோரும் பயந்தது அமிலத்துக்கும் எரிபொருள் எண்ணெய்க்கும். கரைக்கு வந்ததோ வேறு. பயறு அளவு பிளாஸ்டிக் குருணை, ஆங்கிலத்தில் நர்டில். குடம், கவர், பாட்டில் என எல்லா பிளாஸ்டிக் பொருளுக்கும் மூலப்பொருள் இதுதான். சுமார் 1,680 டன் கடலில் கலந்தது. பதிவானவற்றிலேயே மிகப்பெரிய நர்டில் சிதறல் என்றது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம். நீர்கொழும்புப் பக்கக் கரைகளில் வெள்ளைக் குருணை குவியல் குவியலாக ஒதுங்கியது. மீன்பிடிக்கத் தடை வந்தது. அந்தக் கரையின் சிங்கள, தமிழ் மீனவக் குடும்பங்களுக்கு அன்றாட வருமானமே நின்றது. நானூறுக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆஷா டி வோஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எரிந்த பிளாஸ்டிக்கைத் தனியாகச் சோதித்தார்கள். எரியாத குருணையைவிட அதன் வேதிக் கலவை சுமார் மூன்று மடங்கு சிக்கலானது என்று கண்டார்கள். கருகிய துண்டுகளை மணலிலிருந்து பிரித்துப் பொறுக்குவதும் கஷ்டம்.

இதில் என்னை உறுத்தியது ஒன்று. அபாயப் பட்டியலில் இருந்த அந்த 81 பெட்டிகளில் நர்டில் கிடையாது. சர்வதேச விதிப்படி அது சாதாரணச் சரக்கு. அரிசி மூட்டை மாதிரி. கப்பலில் நர்டிலை எப்படிக் கட்டவேண்டும், எங்கே வைக்கவேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு பரிந்துரை வெளியிட்டது 2024-இல். அதுவும் பரிந்துரைதான், கட்டாயம் இல்லை.

சரி, நஷ்டத்தை யார் கட்டுவது? கப்பல் சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. முதலாளி கட்டவேண்டியதற்கு உச்சவரம்பு. இங்கிலாந்தில் இது 1734 வாக்கில் வந்தது. கப்பலில் வந்த தங்கம் திருட்டுப் போன வழக்கைப் பார்த்து மிரண்ட முதலாளிகள் பாராளுமன்றத்திடம் போய் வாங்கிக்கொண்ட சலுகை அது. அன்றைக்கு உச்சவரம்பு, கப்பலின் மதிப்பும் சரக்குக் கூலியும். இன்றைக்கு அது கப்பலின் அளவை வைத்துப் போடும் கணக்கு. பேர்லுக்கு நானே போட்டுப் பார்த்தேன். முதல் 2,000 டன்னுக்கு 15.1 லட்சம் எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு, பவுண்டைவிடக் கொஞ்சம் கூடுதல், கொஞ்சம் குறைவு என்று ஆடும்). அடுத்த 28,000 டன்னுக்கு டன்னுக்கு 604. மிச்சம் சுமார் 1,600 டன்னுக்கு 453. கூட்டினால் 1.91 கோடி. 2023-இல் லண்டன் நீதிமன்றம் வைத்த உச்சவரம்பு சுமார் 1.9 கோடி பவுண்டு.

இந்தக் கணக்கில் எங்கேயுமே "உள்ளே என்ன சரக்கு" என்ற கேள்வி வரவில்லை பாருங்க. பஞ்சு ஏற்றினாலும் அமிலம் ஏற்றினாலும் அதே தொகை. எண்ணெய்க் கப்பல்களுக்கு மட்டும் தனி ஒப்பந்தம் உண்டு, 1967-இல் டோரி கேன்யன் விபத்து ஐரோப்பியக் கரைகளை நாறடித்த பிறகு வந்தது. ரசாயனச் சரக்குக்காக 1996-இல் எழுதிய ஒப்பந்தம் 2025 வரையிலும் நடைமுறைக்கே வரவில்லை.

இலங்கை நிபுணர் குழு கணக்கிட்ட சேதம் 640 கோடி டாலர். அதன் பக்கத்தில் 1.9 கோடி பவுண்டை வைத்துப் பாருங்கள். அந்தச் சமயத்தில்தான் அந்த நாடு பெட்ரோலுக்கும் மருந்துக்கும் டாலர் இல்லாமல் திவாலானது. 2023-இல் இலங்கை சிங்கப்பூரில் வழக்குப் போட்டது. 2025 ஜூலையில் இலங்கை உச்சநீதிமன்றம், கசிவைப் பற்றிய தகவலை உரிய நேரத்தில் சொல்லவில்லை என்று கப்பல் தரப்பைக் குற்றம் சாட்டி, 100 கோடி டாலர் கட்டச் சொன்னது. தங்கள் அரசு அமைப்புகளும் கடமை தவறின என்பதையும் அதே தீர்ப்பில் எழுதியது. நிறுவனம் கட்ட மறுத்துவிட்டது.

அந்தத் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்பு, மே மாதம், கொச்சிக்கு வெளியே எம்எஸ்சி எல்சா 3 என்ற கன்டெய்னர் கப்பல் மூழ்கியது. சில நாளில் கன்னியாகுமரிக் கரையில் வெள்ளைக் குருணை ஒதுங்க ஆரம்பித்தது.