பண்பலை ஒலிபரப்பு: ஒலி 96.8

சிங்கப்பூரின் தமிழ் வானொலி ‘ஒலி 96.8’, மீடியாகார்ப் நிறுவனத்தின் நிலையம். பெயரில் உள்ள எண்தான் அதன் ஊர்தி அலையின் அதிர்வெண்: 96.8 மெகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 9 கோடியே 68 லட்சம் அதிர்வுகள். நாட்டின் பண்பலை நிலையங்கள் ஜூரோங்கை அடுத்த புக்கிட் பாத்தோக் குன்றிலிருந்து அஞ்சலாகின்றன.

ஊர்தி அலையில் குரலை ஏற்றுவதே பண்பேற்றம். பழைய மத்திய அலை, சிற்றலை வானொலிகளில் குரலுக்கேற்ப அலையின் வீச்சு கூடிக் குறையும். பண்பலையில் வீச்சு மாறாது. அதிர்வெண் மட்டும் இருபுறமும் அசையும். இதற்கு அலையியற்றியில் வராக்டர் டையோடு என்னும் உறுப்பைச் சேர்ப்பார்கள். அதன்மேல் படும் மின்னழுத்தம் மாறினால் அதன் மின்தேக்குத் திறன் மாறும். அதனால் அலையியற்றியின் அதிர்வெண்ணும் மாறும். ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்னழுத்தத்தை அதற்குக் கொடுத்தால் போதும். குரல் உரத்தால் அதிர்வெண் அதிகமாக விலகும். சுருதி ஏறினால் விரைவாக அசையும். விலகலின் எல்லை 75 கிலோஹெர்ட்ஸ். எனவே மிக உரத்த ஒலியின்போது ஒலி 96.8இன் அலை 96.725க்கும் 96.875க்கும் இடையே ஊசலாடும். இத்தனை அகலமான இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான் பண்பலையின் செலவு.

அந்தச் செலவுக்குக் கிடைக்கும் பலனை ஜூரோங் போன்ற தொழிற்பேட்டையில்தான் நன்றாக உணரலாம். வெல்டிங் பொறியும் மோட்டார்களும் எழுப்பும் மின் இரைச்சல் பெரும்பாலும் அலையின் வீச்சைத்தான் கெடுக்கிறது. சேதியோ அதிர்வெண்ணில் இருக்கிறது. ஆகவே வானொலிப் பெட்டி வீச்சின் மேடுபள்ளங்களைத் தயங்காமல் வெட்டி எறியலாம். இந்த வேலையைச் செய்வது வரம்பி என்னும் சுற்று. 1933இல் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் காப்புரிமை பெற்ற அகலப்பட்டைப் பண்பலையின் உயிர்நாடி இதுதான். மின்னல் இரைச்சலை வெல்ல இதைவிட அழகான வழியை வானொலி அதற்குமுன் கண்டதில்லை. இந்தியாவில் பண்பலை முதன்முதலில் ஒலித்ததும் ஒரு தமிழ் நகரத்தில்தான்: 1977இல் சென்னையில்.

பெட்டிக்குள் நடப்பது பண்பிறக்கம். வழக்கமான அமைப்பில், ஒலி 96.8ஐக் கேட்கும்போது உள்ளிருக்கும் அலையியற்றி ஒன்று 107.5 மெகாஹெர்ட்ஸில் இயங்கும். வந்த அலை அதனுடன் கலந்ததும் இரண்டின் வேறுபாடான 10.7 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். எந்த நிலையத்தைத் திருப்பினாலும் இந்த இடைநிலை அதிர்வெண் மாறாது. வடிகட்டியையும் வரம்பியையும் கடந்த பிறகு, கட்டப் பூட்டுச் சுற்று என்னும் அமைப்பு அலையின் அசைவைப் பின்தொடரும். அதில் உள்ள அலையியற்றி, வரும் அலையோடு ஒத்துச் செல்லத் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். அதைத் திருத்தும் மின்னழுத்தமே அறிவிப்பாளரின் குரல். பழைய பெட்டிகளில் இதே வேலையை ஃபாஸ்டர்-சீலி பிரிப்பி செய்தது.

அனுப்பும் இடத்தில் உயர் சுருதிகளைச் சற்று உயர்த்தி, பெட்டியில் அதே அளவு தாழ்த்துவதால் எஞ்சிய சீறலும் அடங்கும்.

ஒரே அதிர்வெண்ணில் இரு நிலையங்கள் மோதினால் வலுவானது மட்டுமே கேட்கும். ஆனால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள்தான் பண்பலைக்குப் பெருந்தொல்லை. 96.8 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 3.1 மீட்டர், ஆன்டெனாவுக்கு ஏற்ற கால் பங்கு நீளம் 77 சென்டிமீட்டர். பண்பலை வசதியுள்ள கைபேசியில் இயர்போன் வயரே ஆன்டெனா. கரகரத்தால் வயரைச் சுருட்டி வைக்காதீர்கள், நீட்டிவிடுங்கள்.