இப்னு நஃபீஸும் இதயத்தின் இரத்த வழியும்

1924 ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டத்திற்கான ஆய்வேடு ஒன்று அளிக்கப்பெற்றது. அதை அளித்தவர் எகிப்து நாட்டு மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவீ. பெர்லின் நூலகத்திலிருந்த ஓர் அரபுக் கையெழுத்துப் பிரதியை அவர் ஆராய்ந்திருந்தார். இப்னு சீனாவின் ‘அல்கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலில் உடற்கூறு பற்றி வரும் பகுதிகளுக்கு இப்னு நஃபீஸ் எழுதிய விளக்கவுரை அது. இதயத்திலிருந்து இரத்தம் நுரையீரல் வழியாகச் சென்று திரும்பும் பாதையை ஐரோப்பியர் எழுதுவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்நூல் விளக்கியிருந்தது. மருத்துவ வரலாற்றறிஞர் மாக்ஸ் மேயர்ஹோஃப் பின்னர் எழுதிய கட்டுரைகளால் இச்செய்தி உலகெங்கும் பரவிற்று.

அலாவுத்தீன் இப்னு நஃபீஸ் 1213 அளவில் திமிஷ்க் நகரை அடுத்த பகுதியில் பிறந்தவர். சுல்தான் நூருத்தீன் ஸங்கி திமிஷ்கில் நிறுவிய மருத்துவமனையில் கல்வி கற்று, பின்பு கெய்ரோவில் குடியேறினார். அவர் மருத்துவர் மட்டுமல்லர். மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹைப் போதித்த ஆலிமும் ஆவார். ஹிஜ்ரி 687, அதாவது கி.பி. 1288 இல் மறைந்தபோது, தம் இல்லத்தையும் நூல்களையும் சுல்தான் கலாவூன் கட்டிய மன்ஸூரீ மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார்.

அவர் எதிர்கொண்ட கருத்து எளியதன்று. அரபுகள் ஜாலீனூஸ் என்று அழைத்த கிரேக்க மருத்துவர் காலென், இதயத்தின் வலக் கீழறைக்கும் இடக் கீழறைக்கும் இடைப்பட்ட சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உண்டென்றும், அவற்றின் வழியே இரத்தம் கடந்து செல்கின்றது என்றும் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதுவே மருத்துவர்களின் வேதவாக்காய் இருந்தது. இப்னு சீனாவும் துளை உண்டென்றே கொண்டார்.

இப்னு நஃபீஸ் தம் முப்பதாவது வயதளவில் இதை மறுத்தார். அச்சுவர் கெட்டியானது, அதில் வெளிப்படையான துளையுமில்லை, மறைவான துளையுமில்லை. எனவே வலப்புறத்து இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, பின்னரே இதயத்தின் இடப்புறத்தை அடைய வேண்டும் என்று எழுதினார். இதயத்திற்கு ஊட்டம் தருவது அதன் தசைக்குள் பரவியோடும் நாளங்களின் இரத்தமே என்பதும் அவர் கூற்று. இன்று மாரடைப்பு என்று நாம் அஞ்சுவது அந்நாளங்கள் அடைபடுவதைத்தானே!

உறுப்புகளின் செயலைப் பற்றி எழுதுகையில், முன்னோர் கருத்துடன் ஒத்தாலும் ஒவ்வாவிட்டாலும் ஆய்ந்து தெளிந்ததையே கொள்வோம் என்பது அந்நூலின் முகவுரையில் அவர் விதித்துக்கொண்ட நெறி. ஷரஹ் எழுதுவோர் பழையதையே திருப்பிச் சொல்பவர்கள் என இகழ்வோர் இதைச் சிந்திக்க வேண்டும். ஆசானின் நூலை வரிவரியாக ஓதியவரே ஆசானின் பிழையையும் கண்டார். அதைச் சொன்னதால் இப்னு சீனாவின் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

ஆயினும் நம் மேடைகளில் சிலர், இரத்த ஓட்டம் முழுவதையும் இப்னு நஃபீஸே கண்டார் என்றும், ஆங்கிலேய மருத்துவர் ஹார்வி அதைத் திருடிக்கொண்டார் என்றும் முழங்குகின்றனர். இது அமானிதமன்று. இரத்தம் உடலெங்கும் சுற்றி மீண்டும் இதயத்திற்கே வருகின்றது என்று 1628 இல் நிறுவியவர் ஹார்வியே. இப்னு நஃபீஸ் கண்டது இதயத்திற்கும் நுரையீரலுக்கும் இடைப்பட்ட பாதை. அவருடைய மற்றொரு விளக்கவுரையின் ஒரு பகுதி 1547 இல் வெனிஸில் லத்தீன் மொழியில் அச்சாயிற்று என்பது உண்மை. அதன் வழியே இக்கண்டுபிடிப்பும் ஐரோப்பாவை அடைந்தது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. உள்ள புகழே போதியதாயிருக்க, இல்லாததை ஏன் கூட்ட வேண்டும்?

நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. அல்கானூனைச் சுருக்கி அவர் பெயரால் வழங்கிய ‘மூஜஸ்’ பல தலைமுறைகளாக ஓதப்பட்டது. இந்தியாவின் யூனானி மாணவர்களும் அதையும் அதன் உரைகளையும் பாடமாகக் கொண்டனர். பெரிய விளக்கவுரையோ ஏறக்குறைய மறக்கப்பட்டது. சுருக்கத்தை மனனம் செய்த சமுதாயம் ஆய்வைப் பேழையில் வைத்துப் பூட்டிவிட்டது. பூட்டைத் திறக்க 1924 வரை காத்திருக்க நேர்ந்தது.

1929 இல் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்னும் இளம் ஜெர்மானிய மருத்துவர் தம் கைச்சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தித் தம் இதயத்தின் வலப்புறத்தை எட்டச் செய்தார். குர்னான், ரிச்சர்ட்ஸ் என்னும் இருவர் அம்முறையை வளர்த்து, நோயாளிகளின் இதயத்திலும் நுரையீரல் தமனியிலும் இரத்தத்தின் அழுத்தத்தை அளந்தனர். 1956 இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கெய்ரோவின் ஆலிம் ஏட்டில் எழுதிய பாதையில் இன்று மருத்துவரின் குழாய் செல்கின்றது.

நம் இல்லங்களின் பழைய பெட்டிகளிலும் அரபு, அரபுத்தமிழ் ஏடுகள் செல்லரித்துக் கிடக்கின்றன. அவற்றில் என்ன உண்டென்று திறந்து ஓதாமல் சொல்ல இயலாது. முன்னோரைப் புகழும் நாவுடன் அவர்கள் எழுதியதை ஓதும் கண்ணையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் அருள்வானாக!