ஒரே நாளில் இரு பாலங்கள்

மிஷன் பாடசாலையிலே இங்கிலாந்துச் சரித்திரம் படித்த எம்போன்றோருக்கு விக்ரோறியா மகாராணியார் காலம் என்றதும் நினைவுக்கு வருவன மந்திரிமாரின் பெயர்களும், கிரைமிய யுத்தமும், சீர்திருத்தச் சட்டங்கள் நிறைவேறிய ஆண்டுகளுமேயாகும். அவற்றை நாம் மனனஞ்செய்து ஒப்புவித்தோம், பரிசும் பெற்றோம். ஆனால், அக்காலத்து இலண்டன்வாசி ஒருவன் காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, ஆற்றைக் கடந்து, பள்ளம் இறங்கி மேடு ஏறித் தன் தொழிலிடத்தை எவ்வாறு சென்றடைந்தான் என்று ஒருநாளேனும் நாம் கேட்டதில்லை. அரசன் கட்டிய கோட்டையைச் சரித்திரமென எழுதுவோர், வண்டிக்காரன் போன வீதியை ஏனோ மறந்துவிடுகின்றனர். அக்குறையைச் சிறிதளவாவது தீர்க்கும் எண்ணத்துடன், இலண்டன் மாநகரிலே ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட இரு பாலங்களின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கூற விழைகின்றோம்.

அந்த நாள் 1869ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6ஆந் திகதி, சனிக்கிழமை. கணவர் அல்பேட் இளவரசர் 1861இல் காலமானது தொட்டுப் பொது வைபவங்களில் அதிகம் கலந்துகொள்ளாதிருந்த மகாராணியார் அன்று நகரத்துக்கு எழுந்தருளினார். முதலில் தேம்ஸ் நதியின் மேலுள்ள பிளாக்பிரையர்ஸ் பாலத்தையும், பின்னர் அதற்கு வடக்கே சற்றுத் தூரத்திலுள்ள ஹோபர்ன் மேம்பாலத்தையும் திறந்துவைத்தார். முன்னதன் கீழே ஓடுவது உலகறிந்த நதி. பின்னதன் கீழேயும் ஒரு நதி உண்டு. ஆனால் அதனைக் கண்ணாற் காண்பதற்கில்லை. வீதியின் அடியிலே புதைந்து ஓடுகின்றது.

கறுப்பு மேலங்கி தரித்த டொமினிக்கன் துறவியரின் மடம் முன்னாளில் இருந்தமையால் பிளாக்பிரையர்ஸ் என்னும் பெயர் அவ்விடத்துக்கு வழங்கலாயிற்று. அங்கே முதன்முதற் கட்டிய பாலம் 1760இல் தொடங்கி 1769இல் முற்றுப்பெற்றது. அதை அமைத்தவர் ரொபேட் மைல்ன் என்னும் ஸ்கொத்லாந்து இளைஞர். அவரது திட்டம் தெரிவுசெய்யப்பட்டபோது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை. வளைவுகள் அரைவட்டமாயிராமல் நீள்வட்டமாயிருப்பின் பலம் போதாதென்று பேரகராதி இயற்றிய சாமுவேல் ஜோன்சன் பத்திரிகையிலே எழுதி வாதாடினார். அகராதிக்காரருக்குப் பாலத்திலே என்ன அலுவல் என்று எவருங் கேட்கலாம். போட்டியிலே தோற்றவர்களுள் ஒருவர் அவருடைய நண்பர் என்பதை இங்கே மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் இப்பாலத்தைக் கடப்போர் சுங்கம் செலுத்த வேண்டியிருந்தது. கால்நடையாய்ச் செல்பவனுக்கும் அரைப்பென்னி. 1780இல் நகரில் எழுந்த பெருங் கலகத்தின்போது சனங்கள் சுங்கச்சாவடிகளுக்குத் தீ வைத்தனர். 1785இல் சுங்கம் நீங்கிற்று.

ஜோன்சன் அஞ்சிய வளைவுகளால் பாலத்துக்குக் கேடு வரவில்லை. கேடு ஆற்றிலிருந்து வந்தது. கீழ்ப்புறத்தே நின்ற பழைய இலண்டன் பாலம், பருத்த தூண்களும் ஒடுக்கமான வளைவுகளும் உடையதாய், நூற்றாண்டுக் கணக்கில் ஓர் அணைக்கட்டுப் போல நீரை மறித்துவந்தது. 1831இல் புதிய இலண்டன் பாலம் திறக்கப்பட்டது. பழையதை இடித்து அகற்றியதும் கடலின் வற்றும் பெருக்கும் தடையின்றி மேலேறி இறங்கலாயின. அந்த வேகம் ஆற்றுப்படுகையின் மண்ணை அரித்தது. மைல்னின் தூண்களோ படுகையில் இறக்கிய மரக்குற்றிகளின்மேல் நின்றவை. மண் போகவே தூண் தளர்ந்தது. போட்லாந்துக் கல்லும் உதிரத் தொடங்கியது. மேற்கேயிருந்த பழைய வெஸ்ற்மினிஸ்ரர் பாலமும் இதே நோயால் வருந்தி, 1862இல் புதுப்பாலத்துக்கு இடங்கொடுத்தது. ஓரிடத்திலே செய்த திருத்தம் வேறோரிடத்திலே அரிப்பாய் வெளிப்பட்டமையை நாம் இவ்விடத்தில் நின்று கவனிக்க வேண்டும். இவ்வரலாற்றில் இஃது இன்னொரு முறையும் வரும்.

புதுப்பாலத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அரசாங்கத் திறைசேரியிலிருந்தன்று, வரியிலிருந்துமன்று. 1209இல் கட்டிமுடித்த பழைய இலண்டன் பாலத்தின் நடுவே ஒரு சிறு தேவாலயம் இருந்தது. ஊர்ச் சனங்கள் தம் வீட்டையும் நிலத்தையும் 'கடவுளுக்கும் பாலத்துக்கும்' என்று மரணசாதனத்தில் எழுதி வைத்தனர். அவ்வாறு சேர்ந்த தருமசாதனச் சொத்தே 'பாலவீட்டு ஆதனம்' எனப் பெயர்பெற்றது. அதன் வாடகைப் பணம் ஆண்டுதோறும் பெருகி, பிளாக்பிரையர்ஸ் பாலத்தையும், பின்னர் 1894இல் முடிந்த தவர் பாலத்தையும் கட்டப் போதுமானதாயிற்று. இன்றைக்கும் ஐந்து பாலங்களைப் பராமரிப்பது அதுவே. பெயர் மறைந்துபோன எத்தனையோ வணிகரும் விதவையரும் விட்டுச்சென்ற காணித்துண்டுகளின்மேல் ஒரு நகரம் ஆற்றைக் கடக்கின்றது என எண்ணும்போது எமக்கு ஒருவித பரவசம் உண்டாகின்றது.

1864இல் பழைய பாலத்தை இடிக்கத் தொடங்கினர். போக்குவரத்து நின்றுவிடாதபடி பக்கத்திலே மரப்பாலம் ஒன்று கட்டப்பட்டது. 1865இல் அடிக்கல் நாட்டினர். எஞ்சினியர் ஜோசப் கியூபிற். அரிப்பின் பாடத்தை அவர் நன்கறிந்தவர். பெரிய இரும்புக் கூடுகளை ஆற்றிலே இறக்கி, உள்ளேயிருக்கும் நீரை இறைத்து, அரிக்கும் மண்ணைக் கடந்து கெட்டியான களிமண் வரும்வரை தோண்டி, அதன்மேல் தூண்களை எழுப்பினார். ஐந்து இரும்பு வளைவுகள். நீளம் 923 அடி. தூண்களின் தலைப்பிலே பிரசங்க மேடை போன்ற அமைப்பு உண்டு. அது பண்டைத் துறவியரின் ஞாபகம். தூண்களிலே பறவைகளைச் செதுக்கிய சிற்பி, கடலை நோக்கிய பக்கத்திற் கடற்பறவைகளையும், மற்றப் பக்கத்தில் நன்னீர்ப் பறவைகளையும் வைத்தார். பாலத்தின் மேலே நடப்பவருக்கு அவை தெரியமாட்டா. படகுக்காரனே அவற்றைக் காண்பான். பக்கத்திலே 1864இல் எழுந்த புகையிரதப் பாலமும் கியூபிற்றின் வேலையே. அதன் மேற்றளம் 1985இல் அகற்றப்பட்டது. சிவப்புத் தூண்கள் மட்டும் எதையுந் தாங்காமல் இன்னும் நீரில் நிற்கின்றன.

இனி மறைந்த நதிக்கு வருவோம். அதன் பெயர் பிளீற். வடக்கேயுள்ள மேட்டுநிலத்தில் ஊறி, தெற்கே பிளாக்பிரையர்ஸ் பாலத்தடியிலே தேம்சுடன் கலப்பது. ஊர்க் கழிவெல்லாம் அதிலே விழ, அது நதியென்னும் பெயருக்கே தகுதியிழந்தது. 1730களில் ஒரு பகுதியையும், முதற் பாலத்துக்குப் பாதை அமைக்கும்பொருட்டு 1766இல் கடைசிப் பகுதியையும் மூடிவிட்டனர். நதியை மூடலாம், அது வெட்டிய பள்ளத்தை மூட முடியுமா? மேற்கிலிருந்து நகருக்கு வரும் பெருவீதி ஹோபர்ன் குன்றிலே சடுதியாய் இறங்கி, மறுகரையிலே செங்குத்தாய் ஏறிற்று. மழை நாளிலே பாரவண்டிக் குதிரைகள் சறுக்கி விழுந்தன. நியூகேற் சிறையிலிருந்து தூக்குமரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட குற்றவாளிகளும் 1783வரை இப்பள்ளத்தில் இறங்கியே போயினர்.

நகரசபையின் எஞ்சினியரான வில்லியம் ஹேவூட் இப்பள்ளத்துக்கு மேலாக ஏறக்குறைய 1,400 அடி நீளமும் 80 அடி அகலமுங் கொண்ட சமதளமான வீதியை அமைத்தார். வேலை 1863இல் வீடுகளை இடிப்பதுடன் தொடங்கியது. செலவு 20 இலட்சம் பவுணுக்கு மேல். கீழே பரிங்டன் வீதியைத் தாண்டும் இடத்திலே அலங்காரமான இரும்புப் பாலம். அதன் நான்கு மூலைகளிலும் வர்த்தகம், விவசாயம், விஞ்ஞானம், நுண்கலை என்னும் நான்கு தேவியரின் சிலைகள். விழாவுக்கு வந்தோர் சிலைகளைப் பார்த்து வியந்தனர். நாம் வியப்பது வேறொன்றை. வீதியின் இருமருங்கிலும் நடைபாதையின் கீழே ஹேவூட் சுரங்கவழிகள் விட்டிருந்தார். காஸ் குழாய், தண்ணீர்க் குழாய், தந்திக் கம்பி எல்லாம் அவற்றினூடே சென்றன; பழுது வந்தால் வீதியைக் கிண்ட வேண்டியதில்லை. எடிசனின் கொம்பனி 1882இல் இவ்வீதியின் 57ஆம் இலக்கக் கட்டடத்திலே மின்சார நிலையம் ஒன்றை நிறுவி வீதிவிளக்கேற்றியபோது, கம்பிகள் சென்றதும் பாலத்தின் அடிவழிகளினூடாகவே. நிலையம் நட்டப்பட்டு 1886இல் மூடுண்டது. ஆயினும் நிலக்கரியால் இயங்கிப் பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கிய முதல் நிலையம் என்ற பெயர் அதற்கே உரியது.

மேம்பாலத்தின் பாதையிலே செயின்ற் அன்ட்றூஸ் தேவாலயத்தின் சேமக்காலை குறுக்கிட்டது. அங்கே அடக்கஞ்செய்யப்பட்டிருந்தோர் பதினோராயிரத்துக்கும் அதிகமானவர். அவர்களது எச்சங்களைத் தோண்டியெடுத்து, நகருக்குக் கிழக்கே இல்பர்ட் பக்கத்திலே 1856இல் திறந்த நகரச் சேமக்காலைக்குக் கொண்டுசென்று மறுபடியும் அடக்கஞ்செய்தனர். செய்யத்தக்க காரியம், குறைசொல்வதற்கில்லை.

உயிரோடிருந்தவர் நிலை என்ன? ஹோபர்ன் பள்ளத்தை ஒட்டிய பீல்ட் ஒழுங்கை, சபரன் குன்று முதலிய இடங்களிலே ஏழைகள் ஒருவர்மேல் ஒருவராய் நெருங்கி வாழ்ந்தனர். டிக்கின்ஸ் எழுதிய 'ஒலிவர் ருவிஸ்ற்' நாவலிலே திருட்டுப் பையன்களின் கூட்டம் ஒளிந்திருந்த இடம் இதுவே. இவ்விடங்களை இடிப்பது சுகாதாரத்துக்கு நல்லதென்றே பலரும் எண்ணினர். நாமும் அதை மறுக்கவில்லை. கொலராவைக் கண்டு நடுங்கிய நகரம் அது. வீட்டுக்காரனுக்கு நட்டஈடு கிடைத்தது. வாரவாடகைக்கு இருந்தவனுக்குக் கிடைத்தது வெளியேறும்படியான அறிவித்தல் மட்டுமே. துறைமுகத்திலும் சந்தையிலும் விடியுமுன் வேலைக்கு நிற்க வேண்டியவன் தூரத்தே போய்க் குடியிருக்க முடியாது. ஆகவே அடுத்த ஒழுங்கைக்கே போனான். முன்னரே நிறைந்திருந்த வீட்டில் இன்னொரு குடும்பம் ஏறியது. இலண்டன் பாலத்தை அகற்றியதும் ஆறு பிளாக்பிரையர்சை அரித்தாற்போல, ஓரிடத்து நெருக்கம் மற்றோரிடத்தை அரித்தது.

நகரசபையில் இதை உணர்ந்தோர் இல்லாமற் போகவில்லை. சிட்னி வாற்றர்லோ என்பவர் விடாது வற்புறுத்தியதன் பயனாக, 1865இல் பரிங்டன் வீதியிலே தொழிலாளருக்கென்று மாடிவீடுகளைச் சபை கட்டியது. ஆயினும் அதன் வாடகை நல்ல கைத்தொழிலாளிக்கே கட்டுப்படியாயிற்று. பீல்ட் ஒழுங்கைக்காரனுக்கு எட்டவில்லை. குடியெழுப்பப்படுவோருக்கு மாற்றுவீடு கொடுத்தல் வேண்டுமென்று இடிப்புத் திட்டங்களுக்கு விதி வகுத்த சட்டம் 1875இலேதான் வந்தது. பாலங்கள் திறந்து ஆறு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

1870இல் வெஸ்ற்மினிஸ்ரரிலிருந்து பிளாக்பிரையர்ஸ் வரை ஆற்றோரமாய்ப் பசல்கெற் என்பவர் அமைத்த அணைவீதி திறக்கப்பட்டது. அதன் வயிற்றிலே பெருங் கழிவுக் கால்வாயும் புகையிரதப் பாதையும் ஒருங்கே அடங்கின. அச்செலவுக்கு நிலக்கரி மீதும் வைன் மீதும் வரி. ஆகவே குளிர்காய்ந்த ஏழையும் தன் பங்கைச் செலுத்தினான். அடுத்த ஆண்டிலே பாலத்தின் வடமுனையிலிருந்து மகாராணியாரின் பெயரால் ஒரு புதிய வீதி நகரின் மத்திவரை வெட்டப்பட்டது. போக்குவரத்துப் பெருகவே, பாலமும் 1907க்கும் 1910க்கும் இடையில் 105 அடி அகலமாக விரிவுபெற்றது.

ஹேவூட் 1894இல் காலமானார். இல்பர்ட் பக்கத்துச் சேமக்காலைக்கு முன்னாளில் நிலம் வகுத்துப் பாதையமைத்தவரும் அவரே. அங்கேதான் அவருடைய நினைவு மண்டபம் நிற்கின்றது. செயின்ற் அன்ட்றூசிலிருந்து வண்டியேற்றி அனுப்பப்பட்டவர்களும் அதே நிலத்திலேதான் இருக்கின்றனர்.