காட்டுக் கோயிலும் கல்வெட்டின் ஆண்டும்

சென்னை மயிலாப்பூரில் 'லஸ்' என்னும் இடத்தை அறியாதவர் அரிது. பேருந்து நடத்துநர் நாளுக்குப் பலமுறை அப்பெயரைக் கூவுகிறார். கடைவீதிக்கு வருவோர் அதைச் சொல்லியே வழி கேட்கின்றனர். ஆனால் அது 'ஒளி' எனப் பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல் என்பதையும், அங்குள்ள ஒரு சிறிய மாதா கோயிலே வட்டாரம் முழுவதற்கும் பெயர் தந்தது என்பதையும் எண்ணிப் பார்ப்போர் சிலரே. அக்கோயிலின் முறையான பெயர் பிரகாச மாதா ஆலயம். மக்கள் இட்ட பெயரோ காட்டுக் கோயில்.

ஜவ்வாது மலையில் வாழும் நமக்குக் காடு இன்னதென்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாநகரின் நடுவே, மரங்கள் மறைந்து பல தலைமுறைகள் கடந்த பின்னும், ஓர் ஆலயத்தின் பெயரில் மட்டும் காடு நிற்கிறது. அந்த ஆலயத்தின் வரலாறு நமக்கு அயலானதும் அன்று. மயிலாப்பூர் மறைமாவட்டமும் சென்னை உயர்மறைமாவட்டமும் 1952-இல் ஒன்றாக இணைந்தன. அதே ஆண்டில்தான் நம் வேலூர் மறைமாவட்டமும் தனியாக உருவாயிற்று. எனவே அது நம் தாய்வீட்டின் கதை.

தாய்வீட்டில் வழங்கும் கதை இது: கடலில் திசை தவறித் தத்தளித்த மாலுமிகள் கரையில் ஓர் ஒளியைக் கண்டனர். அதைப் பின்பற்றிக் கரையேறி உள்நாட்டில் நடந்தனர். காட்டினுள் ஓரிடத்தில் ஒளி மறைந்தது. அவ்விடத்திலேயே அன்னைக்குக் கோயில் எழுப்பினர். பிரான்சிஸ்கன் சபைத் துறவி பேத்ரோ த அத்தோகுயா என்பவர் 1516-இல் இதைக் கட்டியதாக ஆலயத்திலுள்ள கல்வெட்டு கூறுகிறது. அது கிருஷ்ணதேவராயர் விஜயநகரத்தை ஆண்ட காலம். தென்னகத்தில் இடைக்காலம் இன்னும் முடிந்திராத காலம்.

ஆனால் வரலாற்றாசிரியர் சிலர் இந்த ஆண்டை ஏற்கத் தயங்குகின்றனர். ஏன்? போர்ச்சுகீசியர் மயிலாப்பூருக்கு வந்ததைப் பற்றிய நம்பகமான முதற்குறிப்பு 1517-ஐச் சேர்ந்தது. மலாக்காவிலிருந்து திரும்பும் வழியில் பழவேற்காட்டில் இறங்கிய தியோகோ பெர்னாண்டஸ் முதலியோரை, ஓர் ஆர்மீனியர் புனித தோமையாரின் கல்லறைக்கு அழைத்துச் சென்றார். இதைப் பெர்னாண்டசே பின்னாளில், 1533-இல் நடந்த விசாரணையில் சாட்சியாகக் கூறியுள்ளார். 1523-இல்தான் கல்லறையைத் தோண்டிச் செப்பனிடும் பணி நடந்தது. அப்படியாயின், அவர்கள் இங்கு வருவதற்கு முன்பே கோயில் எழுந்தது எங்ஙனம்? ஆகவே 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோ அதற்குப் பிந்திய ஆண்டுகளோதான் பொருந்தும் என்பது அவர்கள் கருத்து.

மாதாவின் பெயரையும் கருதுவோம். லிஸ்பனை அடுத்த கார்னீத் என்னும் ஊரில் 1463-ஆம் ஆண்டளவில் தோன்றியது 'ஒளியின் அன்னை' பக்தி. அவ்வன்பு போர்ச்சுகீசியரிடையே விரைந்து பரவியது. தாய்நாட்டில் தாங்கள் வணங்கிய அன்னையின் பெயரை, மாலுமிகள் தாங்கள் இறங்கிய கரையிலும் இட்டு வழங்கியதில் வியப்பென்ன? காட்டில் தோன்றிய ஒளியின் கதை வளர்வதற்கு அப்பெயரே வித்தாக இருந்திருக்கலாம்.

இதைக் கேட்டு மனம் வருந்துவோர் உண்டு. "ஆண்டைக் குறைத்தால் ஆலயத்தின் பெருமை குறையாதா? கதையை ஐயுற்றால் விசுவாசம் ஆட்டம் காணாதா?" என்பர். அன்பு வாசகர்களே, இந்த அச்சம் தேவையற்றது. 1881-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார். வரலாறு எழுதுவோர் பொய்யுரைக்கத் துணியலாகாது, உண்மையைக் கூற அஞ்சவும் கூடாது என்னும் பழைய நெறியை 1883-இல் அவரே நினைவூட்டினார். உண்மையே வடிவான இறைவனை வழிபடும் திருச்சபை உண்மைக்கு அஞ்சி வாழ முடியாது.

காட்டுக் கோயிலின் பெருமை ஓர் ஆண்டைச் சார்ந்து நிற்கவில்லை. சாந்தோமில் கல்லறைமீது போர்ச்சுகீசியர் கட்டிய கோயில் இடிக்கப்பட்டு, இன்றைய பேராலயம் 1896-இல் நிறைவுற்றது. பழைய கட்டடமாகவே நிலைத்து நிற்பது இந்தச் சிற்றாலயம். எத்தனை புயல்கள் அதன்மீது வீசின! 1662-இல் கோல்கொண்டாப் படை சாந்தோமைக் கைப்பற்றியது. 1672-இல் பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்து, இரண்டே ஆண்டுகளில் இழந்தனர். 1780-இல் தொடங்கிய போரில் ஐதர் அலியின் குதிரைப்படை சென்னையின் சுற்றுப்புறங்களைச் சூறையாடியது. இந்த அலைக்கழிப்பில் கோயிலும் சேதமுற்றது. ஒவ்வொரு முறையும் அதைச் சீர்செய்து மீண்டும் விளக்கேற்றியோர் உண்டு. அவர்களுடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கல்வெட்டு கட்டியவரை மட்டும் சொல்கிறது, காத்தவர்களைச் சொல்வதில்லை. 'காட்டுக் கோயில்' என்ற பெயரை வைத்தவர் துறவியுமல்லர், ஆளுநருமல்லர். காட்டுவழியே நடந்துவந்து வேண்டிச் சென்ற எளிய மக்களே அவர்கள். அந்தப் பெயரே அவர்கள் விட்டுச் சென்ற கல்வெட்டு. அதன் உண்மையை எவரும் ஐயுறவில்லை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. நம் மலையூர்ச் சிற்றாலயங்களுக்கும் வெள்ளிவிழா, பொன்விழா வருகின்றன; விழா மலர்கள் அச்சாகின்றன. அவற்றில் நம் கோயிலைப் பழமையாகக் காட்ட ஆண்டுகளைக் கூட்டி எழுத வேண்டா. கேள்விப்பட்டதை நடந்ததாக எழுதவும் வேண்டா. கேள்விப்பட்ட கதையைக் கதை என்றே சொல்லிப் பதிவு செய்வோம். திருமுழுக்குப் பதிவேட்டைக் கறையான் அரிக்காமல் காப்போம். கல் சுமந்தவர், கூரை வேய்ந்தவர், மழைநாளில் மலைப்பாதையில் வேதியராக நடந்தவர் ஆகியோரின் பெயர்களை, முதியோர் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம். ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ஒருவர் நம் கோயிலின் கதையைத் தேடினால், அவர் கையில் மெய்யான ஓர் ஏடாவது இருக்கட்டும்.